பதினைந்து நாள் முன்னால் மாற்றிய ஃபில்டர்

காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தவர் மச்சான். என் மனைவிக்கு அண்ணன், எனக்கு எட்டு வயது மூத்தவர். எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்வது அவர்தான். வந்திருப்பது காய்ச்சலா ஜலதோஷமா என்பதைக்கூட டாக்டருக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். அவர் காதில் விழாத இடத்தில் நானும் அவளும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'தீர்ப்பு'.

தீர்ப்பு போன வாரம் வந்தது. ஓட்ட வேண்டியவள் ஓட்டுவதில்லை, நீங்களோ பஸ்ஸில் போகிறீர்கள், வண்டி தூசியைத் தின்றுகொண்டு நிற்கிறது, தெரிந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கூட்டி வருகிறேன் என்றார். என் மனைவி அப்போது யாருடைய பேண்டையோ கால் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கொடுத்துவிடலாம் என்றாள். எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஓட்ட வேண்டியவள் ஓட்டுவதில்லை என்று அவர் ஒரே வரியில் சொன்னதற்குப் பின்னால் பத்தொன்பது மாதம் இருக்கிறது. என் மனைவியின் தொழில் திரைச்சீலை தைப்பது. வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வந்து, துணி வெட்டி, மடிப்பு வைத்துத் தைத்து, திரும்பவும் போய்த் தானே மாட்டிவிட்டு வருவாள். வாசலில் நின்று பார்த்தாலே ஒரு ஜன்னலுக்கு எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு. ஆனாலும் டேப்பை வைத்து மூன்று முறை அளந்தால்தான் நோட்டில் எழுதுவாள். கார் பெயருக்குத்தான் என்னுடையது. பின்சீட்டு முழுக்கத் துணிச் சுருளும் இரும்புக் குழாயுமாக, அது அவளுடைய வண்டியாகத்தான் இருந்தது. நான் ஏறுவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பத்தொன்பது மாதத்துக்கு முன்னால், நல்ல மழை பெய்த ஒரு காலையில், புதிதாக ஒரு வீட்டுக்கு அளவெடுக்கக் கிளம்பினாள். இரண்டாவது தெருமுனையில் திரும்பும்போது எதிரே வந்த தபால்காரரின் சைக்கிளைத் தட்டிவிட்டாள். அவர் இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தங்கமான மனிதர். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி, தபாலை வலது கையால்தானே கொடுக்கிறேன், கவலையை விடுங்கள் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். அவள் அங்கேயே உடைந்து அழுதாள்.

அன்று மாலை எங்கள் கூடத்தில் விசாரணை நடந்தது. மச்சான் நாற்காலியில், நான் சோபாவில், அவள் தையல் மிஷின் ஸ்டூலில். அவள் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னாள். திரும்பும் நேரத்தில் முன்கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். சத்தம் வந்தது, காற்று வரவில்லை. மூன்று முறையும் வார்த்தை மாறவில்லை. அளவு சொல்லும்போதும் அவள் இப்படித்தான் சொல்வாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதெப்படி காத்து வராம போகும்? பதினஞ்சு நாளைக்கு முன்னாடிதான் நானே புது ஏசி ஃபில்டர் மாத்தினேன். காத்து பிச்சுக்கிட்டு வரும்."

அவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை மச்சான் பார்த்துக்கொண்டார். பதட்டத்தில் சுவிட்சைப் போட்டதாக நீயே நினைத்துக்கொண்டிருப்பாய், போட்டிருக்க மாட்டாய், இதெல்லாம் சகஜம், கொஞ்ச நாள் வண்டியைத் தொடாமல் இரு என்றார். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் சோபாவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து கார் சாவி சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. கொஞ்ச நாள் என்பது பத்தொன்பது மாதமாயிற்று. திரைச்சீலை வேலை போயிற்று. இப்போது அவள் செய்வதெல்லாம் வீட்டுக்கு வருகிற ஆல்டரேஷன்தான்: இடுப்பைப் பிடிப்பது, காலை மடிப்பது, ஜிப் மாற்றுவது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதில் நடந்தது புரியாது. நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டெரைல் பிரிவில் வேலை செய்கிறேன். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, உறையில் சுற்றி, ஆவியில் வேகவைத்து தியேட்டருக்கு அனுப்பும் இடம். எங்கள் உலகத்தில் உறைதான் எல்லாம். உறைக்குள் இருக்கும்வரை சுத்தம், பிரித்த நிமிஷம் அசுத்தம். அந்த உறை ஒரு தனி ஜாதி: நீராவி உள்ளே போகும், வெளியே வரும், கிருமி மட்டும் நுழையாது. கருவியைக் கையில் வாங்குகிற கை எதுவோ, அதுதான் பிரிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவசரத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் இரண்டு மாடியிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு அங்கே 'சீல்' என்று பெயர். சீல் இருக்காரா, சீல் சாப்பிடப் போயிருக்கார், இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

வீட்டிலும் நான் அப்படித்தான். டிவி ரிமோட் வாங்கி ஐந்து வருஷம், இன்னும் வந்த கவரிலேயே இருக்கிறது. பொத்தான் எண்கள் கவரின் மேலேயே அழிந்துவிட்டன. மெத்தைக்குப் பிளாஸ்டிக், டேபிள் ஃபேனுக்குப் பை. கல்யாணமான புதிதில் அவள், என்னையும் ஒரு கவர்ல போட்டு வச்சிடுவீங்க போல என்று சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். காருக்கு ஃபில்டர் மாற்றுவதையெல்லாம் மெக்கானிக்கிடம் விடுவதில்லை. அந்த எண்ணெய்க் கையை எனக்குப் பிடிக்காது. மூச்சு விடுகிற காற்று வந்து போகும் பொருளைக் கை கழுவாதவன் தொடுவதா?

அந்த விபத்துக்குப் பிறகு, கல்யாணம் காரியம் என்று எப்போதாவது காரை எடுத்தால் நான்தான் ஓட்டினேன். ஏசி சரியாகக் குளிரவில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று ஜன்னலை இறக்கிக்கொண்டேன். மழையில் கண்ணாடி மங்கியது. அதற்கென்று ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தேன். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கண்ணாடியில். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, பளிச்சென்று ஆகிவிடும். ஒரு முறை பக்கத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அனுபவம் மச்சான் என்று பீற்றிக்கொண்டேன். அவர் தலையாட்டினார். அவள் பின்சீட்டில் இருந்தாள். இன்னொரு முறை தனியாகப் போகும்போது, சிக்னலில் நின்று துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு மனதில் என்னவோ தட்டியது. அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. போய்விட்டேன்.

நடுவில் ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் தனியாக வந்து ஓட்டிப் பார்த்தபோது, வண்டி நன்றாக இருக்கிறது, காற்றுதான் சோகை பிடித்த மாதிரி வருகிறது, ஒரு வாடையும் அடிக்கிறது என்றார். ஃபில்டர்தான், ஒரு நிமிஷ வேலை, நானே மாற்றி வைக்கிறேன் என்றேன். சனிக்கிழமை வேலை முடிந்து உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கவரைப் பிரித்துவிட்டு மாட்டுங்கள் சார், சில பேர் அப்படியே சொருகிவிட்டுக் காற்று வரவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள் என்றார். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கடையில் இருந்த இன்னொருவரும் சிரித்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, போன தடவை கவரைப் பிரித்தோமா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நினைவில்லை என்றால் வழக்கம்போலப் பிரித்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம். எனக்கு எது வழக்கம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினேன். வாசலில் நல்ல வெயில். உள்ளே ஜன்னலோரம் அவளுடைய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இடது கதவைத் திறந்துவைத்து, பழைய துண்டைத் தரையில் விரித்து மண்டி போட்டேன். ஃபில்டர் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. முதலில் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். மஞ்சள் துணி, வண்டிப் புத்தகம், இரண்டு பேனா, அதற்கு அடியில் அவளுடைய அளவு நோட்டும் டேப்பும். எல்லாவற்றையும் எடுத்து வாசல் திண்டின்மேல் வைத்தேன். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்திப் பிடித்தால் அதை மாட்டியிருக்கும் குமிழ்கள் விடுபடும். ஓரத்தில் ஒரு கயிறு, அதைக் கொக்கியிலிருந்து கழற்றினால் பெட்டி முழுதாகக் கீழே தொங்கும். பின்னால் நீளமாக ஒரு மூடி தெரியும். இரண்டு பக்கமும் கிளிப். அதைக் கழற்றிவிட்டு, தட்டை உருவுவதுபோல ஃபில்டரை உருவ வேண்டும்.

உருவினேன். முதலில் வந்தது சத்தம். அட்டை உரசுகிற சத்தம் இல்லை, பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம்.

வெளியே வந்ததை மடியில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் முழுக்கத் தூசிப்படலம், இரண்டு சருகு, ஒரு விட்டில் பூச்சியின் றெக்கை. தூசியை விரலால் தள்ளினால் கீழே பால்நிறத்தில் மெல்லிய உறை. ஃபேன் உறிஞ்சி உறிஞ்சி அது ஃபில்டரின் மடிப்புகளுக்குள் ஒட்டிப் பள்ளமாகியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் நகம் அளவுக்குக் கிழிசல். பத்தொன்பது மாதமாக எங்களுக்கு வந்த காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாக வந்தது. உறையின்மேல் அம்புக்குறி அச்சாகியிருந்தது, காற்று போகும் திசை. அம்பு சரியாகக் கீழ்நோக்கித்தான் இருந்தது. அதிலெல்லாம் நான் தவறு செய்யவில்லை.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று பெட்டியிலிருந்து எடுத்தபோது அந்தப் பால்நிறத்தைத் தடவிப் பார்த்தேன். எங்கள் பிரிவில் தினமும் நான் தடவுகிற உறை மாதிரியே இருந்தது. ஃபில்டரின் மேலுறை போலிருக்கிறது, காற்று இதன் வழியாகப் போகும், தூசி நிற்கும், நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்தேன். மெச்சிக்கூடக் கொண்டேன். மாட்டிவிட்டு ஃபேனைப் போட்டேன், சத்தம் கேட்டது, அணைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கவில்லை.

உறையைப் பிரித்தேன். உள்ளே ஃபில்டர் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. கடையில் அதைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

வெட்கமாக இருந்தது. அதற்கும் முன்னால் பயமாக இருந்தது. குப்பைத்தொட்டி நாலு எட்டு தூரத்தில் இருந்தது. உறையைக் கசக்கி அதில் போட்டால் ஒரு நொடி. ஐந்து மணிக்கு வண்டி போய்விடும், வண்டியோடு எல்லாம் போய்விடும். அவளும் கொடுத்துடலாம் என்றுதானே சொன்னாள். இப்போது போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தத் தபால்காரரின் மணிக்கட்டு சரியாகாமலா இருக்கிறது? அது எப்போதோ சரியாகிவிட்டது. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். உறையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். குப்பையிலும் போடவில்லை, கையிலும் வைத்திருக்கவில்லை. என் யோக்கியதை அப்போது அவ்வளவுதான் இருந்தது.

புது ஃபில்டரைப் பிரித்தேன். கவர் முழுதும் கழன்றதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அம்புக்குறியைப் பார்த்துச் சொருகினேன், மூடியை மாட்டினேன், பெட்டியை மேலே தூக்கி அழுத்தினேன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். காற்று என் முகத்தில் அடித்தது. எங்கிருந்தோ ஒரு சருகுத் துண்டு பறந்து வந்து கன்னத்தில் பட்டது. டேஷ்போர்டின் மேலிருந்த ரசீது ஒன்று தூக்கியெறியப்பட்டுப் பின்சீட்டில் போய் விழுந்தது.

உள்ளே மிஷின் சத்தம் நின்றது.

அவள் கழுத்தில் நூலோடு வெளியே வந்தாள். கதவுப் பக்கமாகக் குனிந்து, காற்று வருகிற இடத்துக்கு எதிரே உள்ளங்கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அன்று இப்படி வரவில்லை என்றாள். என்னிடம் சொல்வதுபோல இல்லை. புது ஃபில்டர், அதனால்தான் என்றேன். அவள் தலையாட்டினாள். வாங்குகிறவருக்கு நல்லதுதான் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

திண்டின்மேல் இருந்த அளவு நோட்டு அவள் கண்ணில் பட்டது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நானும் பார்த்தேன். மேலே அந்தப் புது வீட்டின் முகவரி, கீழே அகலம் உயரம் என்று கோடு போட்ட கட்டங்கள், எல்லாம் காலி. அந்த வீட்டு ஜன்னல்களுக்கு இந்நேரம் வேறு யாரோ திரை தைத்திருப்பார்கள். அவள் நோட்டை மூடி, நான் குவித்து வைத்திருந்த குப்பைமேல், புது ஃபில்டர் வந்த காலி அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். எனக்கு அது தாங்கவில்லை.

கொஞ்சம் இரு என்றேன். சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து விரித்துக் கொடுத்தேன். கூடவே அந்த வெள்ளை ஃபில்டரையும். எங்கே இருந்தது, எப்படி இருந்தது, எதனால் நான் பிரிக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி உறையைப் பற்றித் தேவைக்கு மேலேயே சொன்னேன். அவள் உறையில் இருந்த கிழிசலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப மாட்டினது?"

"அதேதான். அன்னிக்குச் சொன்னேனே, பதினஞ்சு நாள் முன்னாடி."

அவள் இரண்டையும் திண்டின்மேல் வைத்துவிட்டு, சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பத்தொன்பது மாதத்துக்குப் பிறகு. கதவைச் சாத்தவில்லை. கால்கள் வெளியே இருந்தன. ஃபேன் சுவிட்சை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், திரும்பவும் போட்டாள்.

"நான் சுவிட்சைப் போட்டேங்க," என்றாள். "அப்புறம் அண்ணன் சொல்லிச் சொல்லி, நான் போடவே இல்லைன்னு எனக்கே தோணிடுச்சு. கனவுல வரும்போதுகூட போடாத மாதிரிதான் வரும்."

வெயில் காலில் சுட்டது.

மச்சானும் மருந்துக்கடைக்காரரும் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் மனிதர்கள் முன்னதாகத்தான் வருவார்கள். மருந்துக்கடைக்காரர் நேராகக் குனிந்து காற்றுக்குக் கையை நீட்டி, அடேயப்பா என்று மெச்சிக்கொண்டார். பிறகு திண்டின்மேல் இருந்த பழைய ஃபில்டரைக் கையில் எடுத்தார். மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது புதுசாவே இருக்கே சார். இத ஏன் கழட்டினீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கூடத்தில் நான் சோபாவின் கைப்பிடியைப் பார்த்த மாதிரி. இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உறையோடு மாட்டிவிட்டேன், காற்று வந்திருக்காது, அவள் அன்று சொன்னது அத்தனையும் நிஜம், நான் சொன்னதுதான் தப்பு என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. உண்மையைச் சொன்னால், கழுத்தில் யாராவது மாலை போடுவார்கள் என்று அடிமனதில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இவ்வளவு நேர்மையாக யார் ஒப்புக்கொள்வார்கள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

மச்சான் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். சரி, தெரியாமல் நடந்துபோச்சு, வேணும்னேவா செஞ்சாரு, விடும்மா என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவள் இறங்கினாள். திண்டின்மேல் கிடந்த மஞ்சள் துணியை எடுத்து உதறினாள். அதில் கண்ணாடியின் அழுக்குக் கோடு கோடாகப் படிந்திருந்தது.

"உறை தெரியாம நடந்தது, சரி. இது?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அது துணி என்றேன், முட்டாள் மாதிரி.

"மழை வந்தா இதாலதான தொடச்சு தொடச்சு ஓட்டினீங்க. நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். இவரால முடியுது, நமக்குத்தான் சாமர்த்தியம் பத்தலன்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் குரல் ஏறவில்லை. அளவு சொல்லும் குரல்தான். "நீங்க என்ன நெனச்சீங்க?"

பொய் சொல்ல நல்ல வசதி இருந்தது. ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், மச்சான் அதற்கும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். ஆனால் அவள் என் முகத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"ஒரு தடவ தோணுச்சு," என்றேன்.

"எப்ப?"

"போன மழைக்கு. சிக்னல்ல நின்னப்ப. நீ சொன்ன மாதிரியேதான வெள்ளையாகுதுன்னு."

"அப்புறம்?"

"தொடச்சிட்டுப் போயிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த ஃபில்டரை மெதுவாகத் திண்டின்மேல் வைத்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்றார். இன்னொரு நாளும் வர வேண்டாம், வண்டியைக் கொடுப்பதாக இல்லை என்று அவள் அவரிடம் தன்மையாகவே சொன்னாள். மச்சான் வாயைத் திறந்தார். அண்ணா, நீங்க சும்மா இருங்க என்றாள். அவர் சும்மா இருந்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அவள் குப்பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துத் தூசியைத் தட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். டேப்பையும் வைத்தாள். மஞ்சள் துணியை என் கையில் கொடுத்தாள். உறையையும் ஃபில்டரையும் கையோடு எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"தபால்காரர் வீட்டுக்குப் போறோம். அவர்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

நான் வழக்கம்போல முன்கதவுப் பக்கம் போனேன். பின்னால உக்காருங்க என்றாள். பின்னால் உட்கார்ந்தேன். மடியில் வெள்ளை ஃபில்டர், அதன்மேல் உறை, அதன்மேல் துணி. அவள் இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், வாசலைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். வண்டி நேராகத்தான் போனது. மச்சான் வாசலில் நின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தெருமுனைக்கு வந்தோம். அதே தெருமுனை. மழையும் இல்லை, கண்ணாடியில் மங்கலும் இல்லை. அவள் வண்டியை நிறுத்தி, கையை நீட்டி ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். காற்று பின்சீட்டு வரைக்கும் வந்தது.